தேதி மேலே, கையெழுத்து கீழே

சட்டமன்ற உறுப்பினர் ஜெமிமா ரோச் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் வாசலில் பதினெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

பதினெட்டு குறைச்சல்தான். அவள் அப்பா ரோச் இதே வீட்டில் எம்.எல்.ஏ.வாக உட்கார்ந்திருந்த காலத்தில் எண்பதுக்குக் குறைந்த காலையே கிடையாது. தெருமுனை டீக்கடைக்காரர் அந்தக் கூட்டத்தை நம்பியே மாடி எழுப்பினார். ஜெமிமா பதவிக்கு வந்த முதல் மாதமும் எண்பதுதான். இரண்டாம் மாதம் ஐம்பது. இப்போது பதினெட்டு.

ஏன் குறைகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

இந்த வாரம்தான் இந்தக் குடும்பத்துக்குள் நுழைகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. துறைமுகத் தொழிற்சங்கத்திலிருந்து கிளம்பி மூன்று முறை எம்.எல்.ஏ. ஆனவர் ரோச். நாலாவது முறை மேடை ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கட்சி அவருடைய மகளைக் கூப்பிட்டது. பதினாறு வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்த ஜெமிமா, "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே நின்று, ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்து, இன்றோடு மூன்று மாதம்.

தம்பி அமலன் சரக்குக் கப்பலில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு ஒன்பது நாளைக்கு முன் மூட்டை முடிச்சோடு இறங்கி வந்திருக்கிறான். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து மனைவி பெர்சிக்கு இதுதான் பிரசவ மாதம். இனிமேல் கடலுக்குப் போக மாட்டானாம். துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றி இறக்கும் ஒரு தனியார் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். அக்கா ஒரு லெட்டர் கொடுத்தால் போதும் என்கிறான். அக்கா போன வாரம் "பார்ப்போம்" என்றாள். எம்.எல்.ஏ.க்கள் சொல்லும் "பார்ப்போம்" எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாதா!

"மேடம், இருநூத்தி ஆறாம் நம்பர் நகல் இன்னும் கெடைக்கல."

ஃபைலோடு வந்து நின்றவர் சண்முகவடிவு. ஜெமிமாவின் பள்ளியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது எம்.எல்.ஏ. அலுவலகம் முழுவதும் அவர் பொறுப்பு. சிபாரிசுக் கடிதத் தாளில் நம்பர் அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து வைக்கும் ஏற்பாடு அவர் கொண்டுவந்ததுதான்.

"கசங்கியிருக்கும் வடிவக்கா. கிழிச்சுப் போட்டிருப்பேன்."

"நீங்க கிழிச்சா எங்கிட்டச் சொல்லுவிய. இருநூத்தி அஞ்சு இருக்கு, ஏழு இருக்கு. ஆறு மட்டும் காலு மொளச்சு நடந்தா போச்சு?"

மூலை நாற்காலியில் தினசரி படித்துக்கொண்டிருந்த ரோச், பேப்பரைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார்.

வரிசையில் முதல் ஆள் சீனித்தாய். ஏரலுக்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வாழைத்தோட்ட வேலை. மகள் இசக்கிச்செல்விக்குத் தூத்துக்குடியில் அரசு லேப் டெக்னீஷியன் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். ஊரிலிருந்து முதல் பஸ்ஸே ஏழே காலுக்குத்தான். மாணவியர் விடுதியில் இடம் கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் அந்தப் பிள்ளையும் வாழைத்தோட்டத்துக்குத்தான்.

"இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணியோட கடைசியாம்மா" என்றாள் சீனித்தாய். "நானும் மூணு தாள் வாங்கிட்டுப் போயிட்டேன். வாங்கி வச்சுக்கிடுதாவ. 'சரி, போங்க'ங்காவ. அம்புட்டுதான்."

"இன்னொண்ணு எழுதித் தாரேன், அழுத்தமா" என்று ஜெமிமா பேனாவைத் திறந்தாள். முதலில் தேதியை எழுதினாள். அதன் கீழே கையெழுத்து. பதினாறு வருடம் நோட்டுத் திருத்திய கை; தேதி போடாமல் கையெழுத்தே வராது.

சீனித்தாய் தாளை வாங்கக் கை நீட்டவில்லை.

"தாளு வேண்டாம்மா. நீங்க ஒரு எட்டு வந்து, வாயால ஒரு வார்த்த சொல்லுதியளா?"

வாசலில் இருந்த மற்ற பதினேழு பேரும் எம்.எல்.ஏ.வின் முகத்தைப் பார்த்தார்கள். ஜெமிமா பேனாவை மூடினாள்.

"வாங்க, கார்ல ஏறுங்க."

* * *

விடுதி அலுவலகத்தில் கண்காணிப்பாளர் ஈவாஞ்சலின் எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் போய் முட்டியது. நாசரேத்துக்காரர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். முப்பது வருட அரசு வேலையில் ஒரு எம்.எல்.ஏ. சொல்லாமல் கொள்ளாமல் அறைக்குள் வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

"இந்த அம்மா மவளுக்கு மூணு லெட்டர் குடுத்திருக்கேன்" என்றாள் ஜெமிமா. "தகுதி இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"தகுதிக்கு என்ன மேடம்? லிஸ்ட்ல மேல இருக்க பிள்ளதான். எடமும் ரெண்டு காலியா இருக்கு."

"பெறவு?"

ஈவாஞ்சலின் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார். மூன்று கடிதமும் வரிசையாகக் கோத்துப் பத்திரமாக இருந்தன. அவற்றைப் பார்த்தார். ஜெமிமாவைப் பார்த்தார். மறுபடி கடிதத்தைப் பார்த்தார்.

"நீங்க வேண்டாம்னுதான மேடம் எழுதியிருக்கிய?"

"நானா?"

"தேதிய மேல போட்டிருக்கியளே."

ஜெமிமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஈவாஞ்சலினுக்கோ எம்.எல்.ஏ.வுக்கு விளங்கவில்லை என்பதே விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"அய்யா உங்ககிட்டச் சொல்லலயா?"

"என்னத்த?"

"அய்யா காலத்துல இருந்து எல்லா ஆபீசுலயும் தெரிஞ்சதுதான மேடம். கையெழுத்துக்குக் கீழ தேதி இருந்தா, அது அய்யா நெசமாச் சொல்லுதது. ஒடனே செய்யணும். கையெழுத்துக்கு மேல தேதி இருந்தா..." அவர் சீனித்தாயை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வந்தவுக மனசு நோகக் கூடாதுன்னு குடுத்தது. வாங்கி ஃபைல்ல வச்சுட்டு விட்டுரணும். நீங்க அய்யா பொண்ணு. அதே வழக்கம்னு நெனச்சுட்டோம். ஆனா மூணு மாசத்துல ஒண்ணுகூடக் கீழ வரல. ஆபீஸ்ல எல்லாரும் உங்கள மேல்தேதி மேடம்னுதான்..."

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

இருநூற்றுச் சொச்சம் கடிதம். முதியோர் பென்ஷன், பட்டா, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். ஒவ்வொன்றையும் அவள் கேட்டு, விசாரித்து, நியாயம் என்று தோன்றிய பிறகுதான் எழுதினாள். அத்தனைக்கும் மேலே அவள் கையாலேயே 'கண்டுகொள்ள வேண்டாம்' என்று எழுதி அனுப்பியிருக்கிறாள். வாசலில் கூட்டம் ஏன் குறைந்தது என்ற கணக்குக்கு விடை கிடைத்துவிட்டது. கணக்கு டீச்சருக்கு வெட்கத்தில் காது சூடாகியது.

"அப்போ லெட்டரே இல்லாம இந்தப் பிள்ள வந்திருந்தா?"

"போன மாசமே எடம் கெடச்சிருக்கும் மேடம். மூணு தடவ மேல்தேதி வந்ததும், எம்.எல்.ஏ. வீட்டுக்கு இதுல இஷ்டமில்லபோலன்னு நிறுத்தி வச்சுட்டோம்."

அதுவரை கதவோரம் நின்றிருந்த சீனித்தாய் மெதுவாக முன்னால் வந்தாள். ஃபைலில் இருந்த மூன்று தாளையும் குனிந்து பார்த்தாள்.

"எனக்கு எழுத்துத் தெரியாதும்மா. அதான் மேல எது, கீழ எதுன்னு பாக்காமப் போயிட்டேன்."

அவள் குறை சொல்லவில்லை. தன் தவறு என்றே நினைத்துச் சொன்னாள். ஜெமிமாவால் அதைத் தாங்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க தப்பு இல்லம்மா. என் தப்பு. நான்தான் பாக்கல. மன்னிச்சிருங்க."

எம்.எல்.ஏ. மன்னிப்புக் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சீனித்தாய்க்குத் தெரியவில்லை. ஈவாஞ்சலினுக்கு மட்டும் தெரிந்திருந்தது. சேர்க்கை உத்தரவுத் தாளை எடுத்து, பெயரை நிரப்பி, கையெழுத்துப் போட்டார். பேனா ஒரு நிமிடம் தயங்கியது.

"மேடம், தேதிய எங்க போட?"

"எங்க வேணாலும் போடுங்க" என்றாள் ஜெமிமா. மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று சீனித்தாய் போனில் கத்தியது தெருவுக்கே கேட்டது. "ஏளா செல்வி! பெட்டியக் கெட்டு! எந்தப் பெட்டியா? மாமா வீட்டுல போய் வாங்கிட்டு வா, போ!"

காரில் ஏறியதும் ஜெமிமா சண்முகவடிவைக் கூப்பிட்டாள்.

"எழுதிக்கோங்க வடிவக்கா. இதுவரை நான் கொடுத்த எல்லாக் கடிதமும் உண்மையான கோரிக்கை. தேதி மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒரே அர்த்தம்தான். விதிப்படி முடியும் என்றால் செய்யுங்கள். முடியாது என்றால் முடியாது என்று அந்த நபருக்கே எழுதிக் கொடுங்கள்."

"யாருக்கு அனுப்ப?"

"எல்லாருக்கும். நம்ம கிட்ட நம்பர் இருக்க அத்தன ஆபீசுக்கும். சாகுபுரம் ஃபாக்டரி, ஹார்பர்னு கம்பெனிக்காரங்களுக்கும் விடாம."

* * *

மத்தியானம் அம்மா ஞானசௌந்தரி வீட்டில் இல்லை. பெர்சிக்குத் துணையாக அமலன் வீட்டில் இருக்கிறாள். குசினியில் மூடி வைத்துவிட்டுப் போயிருந்த சீலாமீன் குழம்பை ரோச் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜெமிமா எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, தேதிய எங்க போடணும்?"

ரோச்சின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. தலை நிமிரவில்லை.

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? நீங்க சொல்லல."

ரோச் தண்ணீரைக் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். சட்டமன்றத்தில் துறைமுகத் தொழிலாளிக்காக நாலு மணி நேரம் தரையில் உட்கார்ந்தவர். மந்திரியை எழுந்து நிற்கவைத்துக் கேள்வி கேட்டவர். அவர் காலி டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"எண்பது பேரு ஜெமி" என்றார் கடைசியில். "தெனம் எண்பது பேரு. ஒவ்வொருத்தனும் கண்ணு கலங்கி வாரான். எல்லாத்தையும் ஆபீசர் செய்ய முடியுமா? செஞ்சா நியாயம் எங்க இருக்கு? பாதிப் பேருக்கு இல்லன்னு சொல்லணும். எனக்கு அந்த வார்த்த நாக்குல வரல. மேடையில வரும். சட்டசபையில வரும். வாசல்ல நிக்கவன் மூஞ்சியப் பாத்து வரல."

"அதனால தாளக் குடுத்து அனுப்பிட்டிய."

"சந்தோசமாப் போவான்ளா. ஒரு மாசம் சந்தோசமா இருப்பான்."

"அதுக்கு அடுத்த மாசம்?"

ரோச் தட்டில் ஒரு மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கினார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா அப்பா? மூணு மாசம்! ஊரெல்லாம் என்னை மேல்தேதி மேடம்னு சொல்லிச் சிரிச்சிருக்கு."

"நீ மேல போடுதன்னு எனக்குப் போன வாரந்தான் தெரியும். மேசையில கெடந்த நகலப் பாத்தேன்." அவர் குரல் இறங்கிவிட்டது. "நீ ஜெயிச்ச அன்னைக்கே சொல்லியிருக்கணும். எப்படிச் சொல்ல? ஒங்கப்பன் பதினஞ்சு வருசமா பாதிச் சனத்த ஏமாத்திட்டான்னு நானே எம் மவகிட்டச் சொல்லவா? நீ டீச்சரு வேற."

ஜெமிமாவுக்குக் கோபம் இருந்தது. கோபத்தோடு பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனிதர்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தாள். குழம்புச் சட்டியை இழுத்து அவர் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள்.

"ஜெமி, இன்னும் ஒண்ணு இருக்கு..." என்று ரோச் ஆரம்பித்தார்.

வாசலில் பைக் வந்து நின்றது.

"யக்கா!" அமலனின் குரல் அவனுக்கு முன்னால் வந்தது. கப்பலில் காற்றோடு கத்திப் பழகிய தொண்டை. "பெர்சிக்கு அடுத்த வாரம்னு டாக்டரம்மா சொல்லிட்டா. அந்தக் கம்பெனியில நாளையோட ஆள் எடுக்கது முடியுதாம். நீ எழுத யோசிக்கன்னு தெரியும். அதான் மாதிரி ஒண்ணு கொண்டாந்துட்டேன். இதப் பாத்து எழுதிரு."

மேசையில் ஒரு தாளை வைத்தான். லேமினேட் செய்யப்பட்ட தாள். ஓரம் கொஞ்சம் பழுத்திருந்தது.

"அப்பா எனக்குக் குடுத்ததோட நகல். எனக்கு இருவது வயசு அப்போ. ஹார்பர்ல வேலைக்கு. கெடைக்கல, அது வேற விசயம். ஆனா அப்பா எனக்காக எழுதினாங்கல்லா? கப்பல்ல பன்னெண்டு வருசமும் எம் பெட்டியில இதான் மேல கெடக்கும்."

ஜெமிமா பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். கண் அங்கேதான் போயிற்று. ரோச்சின் பெரிய கையெழுத்து. அதற்கு மேலே தேதி.

அவள் தாளைத் திருப்பி வைத்தாள். எதுவும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தாள். இந்த ஒன்றை மட்டும் இப்படியே விட்டுவிடலாம். யாருக்கு நஷ்டம்?

"திருப்பாத ஜெமி" என்றார் ரோச். சாப்பிட்ட கையோடு எழுந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் சொல்லிருதேன். ஏலே அமலா, அந்தத் தேதி மேல இருக்கு பாத்தியா?"

சொன்னார். மறைக்காமல், சுற்றி வளைக்காமல் சொன்னார். மகனுக்கு வேலை வாங்கினால் சங்கத்து ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று பயந்ததைச் சொன்னார். மகனிடம் இல்லை என்று சொல்ல முடியாமல் போனதைச் சொன்னார். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டதைச் சொல்லும்போது நிறுத்திவிட்டார்.

அமலன் தாளைக் கையில் எடுத்தான். தேதியை விரலால் தடவினான். பிளாஸ்டிக்தான் தட்டுப்பட்டது.

"இல்லன்னு சொல்லியிருந்தா ரெண்டு நாளு அழுதிருப்பேம்பா" என்றான். கத்தவில்லை. "மூணாம் நாளு வேற வேல தேடியிருப்பேன். நீங்க எழுதியிருக்கிய, எப்படியும் வரும்னு ஒண்ணரை வருசம்லா தபால்காரரப் பாத்துக்கிட்டு வாசல்ல நின்னேன். அப்போ நீங்க தெனம் என்னத் தாண்டித்தான் கார்ல ஏறுவிய."

ரோச் தலையைக் குனிந்துகொண்டார். எழுபத்திரண்டு வயது மனிதர் அழுவதைப் பார்க்க இரண்டு பிள்ளைகளுக்கும் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அமலன் அக்காவின் பக்கம் திரும்பினான்.

"சரி, நீ எழுதுக்கா. தேதிய எங்க போடுவ?"

கேலியாகத்தான் கேட்டான். ஆனால் கண்ணில் கேலி இல்லை.

'இல்லை' என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் அப்பா பதினைந்து வருடம் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறார் என்று ஜெமிமாவுக்கு அந்த நிமிடம் நன்றாகப் புரிந்தது.

"போட மாட்டேம்ல. எழுதவே மாட்டேன். அந்த வேலைக்கு இருவது எடம். நம்ம ஊர்ல டிரெய்னிங் முடிச்சுட்டு நூறு பேருக்கு மேல நிக்கான். எம்.எல்.ஏ. தம்பிக்கு நான் எழுதினா, அதுல ஒருத்தன் வீட்டுக்குப் போகணும். என்னால முடியாது. இல்ல."

அமலன் மூச்சை இழுத்துவிட்டான். பிறகு, யாரும் எதிர்பார்க்காத மாதிரி, லேசாகச் சிரித்தான்.

"இந்த வீட்டுல இப்பந்தான் மொதத் தடவையா ஒருத்தர் எம் மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்லுதாவ." லேமினேட் தாளை மேசையிலேயே வைத்தான். "இது இங்கயே கெடக்கட்டும். எம் சர்டிபிகேட்ட எடுத்துட்டு நானே போய்ப் பாக்கேன். கெடச்சாக் கெடைக்கட்டும். கெடைக்காட்டா மூணாம் நாளு வேற தேடுதேன்."

"சாப்பிட்டுட்டுப் போல" என்றார் ரோச்.

அமலன் அப்பாவைப் பார்த்தான். போகலாமா வேண்டாமா என்று ஒரு நொடி நின்றான். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"மீனு இருக்கா, எல்லாத்தையும் நீங்களே தின்னுட்டியளா?"

* * *

நாலு மணிக்குமேல் அலுவலக போன் ஓயவில்லை. ஒரு கிராம அலுவலர், முதியோர் பென்ஷன் மனு ஒன்றை இன்றைக்கே மேலே அனுப்பிவிட்டதாகச் சொன்னார். காயல்பட்டினத்திலிருந்து ஒரு பெண், மூன்று மாதமாக நின்றுபோயிருந்த குடிநீர் இணைப்புக்கு ஆள் வந்து அளந்துவிட்டுப் போனதாகச் சொல்லி அழுதாள். முடியாது என்று எழுத்தில் இரண்டு பதில் வந்தது. அதில் ஒன்று கட்சியின் வட்டச் செயலாளருக்கு. அவர் நாளைக்கு நேரில் வருகிறாராம். வரட்டும்.

ரோச் முன்னறைக்கு வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் தலை சாய்க்க உள்ளே போகுமுன் மகளிடம் கேட்டார்.

"நாளைக்குக் காலம்பற ஒம் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்காரட்டா? இல்லன்னு எப்படிச் சொல்லுதன்னு பாக்கணும்."

"வாங்க. சொல்லித் தாரேன்" என்றாள் ஜெமிமா. மூன்று மாதத்தில் அவள் இத்தனை லேசாக இருந்ததில்லை.

ஐந்தே முக்கால் மணிக்கு சண்முகவடிவு தன் போனை நீட்டியபடி வந்தார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"இருநூத்தி ஆறு கெடச்சிருச்சு மேடம்."

அந்தக் கண்டெய்னர் கம்பெனியின் பணியாளர் அதிகாரி ஜெஃப்ரி அனுப்பியிருந்தார். 'தங்கள் தகவல் கிடைத்தது. தங்களுடைய 206-ஆம் எண் கடிதம் போன வாரமே முறைப்படி வந்துவிட்டது. அதன்படி செய்துவிட்டோம். நன்றி.' கீழே கடிதத்தின் படம்.

அவளுடைய தாள். எஸ்.அமலன் ரோச் என்பவருக்குப் பணி வழங்குமாறு. கீழே அவளுடைய கையெழுத்து. 'ரோச்' என்று முடித்து, கடைசி எழுத்தின் வாலைத் தூண்டில் முள் மாதிரி வளைத்துவிடுவாள். பத்து வயதில் அப்பா கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த கையெழுத்து. இந்தப் படத்தில் அந்த முள் நடுங்கியிருந்தது.

கையெழுத்துக்குக் கீழே, ஒழுங்காக, தெளிவாக, தேதி.

ஜெமிமா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மறுபடி சிறிதாக்கினாள். "இன்னும் ஒண்ணு இருக்கு" என்று மத்தியானம் அப்பா ஆரம்பித்தது ஞாபகம் வந்தது. அதற்குள் அவள் போன் அடித்தது.

"யக்கா! கெடச்சிருச்சுக்கா!" அமலன் மூச்சு வாங்கினான். பின்னால் பெர்சியும் அம்மாவும் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது. "திங்கக்கெழம வேலைக்கு வரச் சொல்லிட்டாவ! சர்டிபிகேட்ட வாங்கிப் பாத்தாவ, ஒரு கேள்வி கேக்கல. யாரு மவன், யாரு தம்பின்னுகூட ஒருத்தர் கேக்கலக்கா! லெட்டர் இல்லாம, எம் மொகத்துக்கு, எம் பன்னெண்டு வருசத்துக்குக் கெடச்சிருக்கு. நீ மட்டும் அன்னைக்கே எழுதிக் குடுத்திருந்தா, எனக்கு இந்தச் சந்தோசம் உண்டா? நீ இல்லன்னு சொன்னியே, அதுக்குத்தான் மொதல்ல ஒனக்கு நன்றி."

உள்ளறைக் கட்டில் கிறீச்சிட்டது.

"யாரும்மா போன்ல?" ரோச்சின் குரல். "நம்ம அமலனா? என்ன சொல்லுதான்?"

பதினாறு வருடம் அவள் வகுப்பறையில் கேட்ட குரல்தான் அது. திருத்திய தாளை டீச்சர் கையில் வைத்திருக்கும்போது, எவ்வளவு போட்டிருக்கீங்க என்று கேட்கிற பிள்ளையின் குரல்.

"யக்கா? லைன்ல இருக்கியா?" என்றான் அமலன்.

"இருக்கேம்ல" என்றாள் ஜெமிமா.